டிரைவருக்குச் செய்த பலகை

எங்கள் வீட்டுக் கார் முதல் ஐந்து மாதம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. கொட்டகை நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் நான்கு எருமைகள். நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து அதை வாங்கி, இரண்டு ஜோடி மாடு பூட்டி உத்திரமேரூருக்கு இழுத்து வந்தார். என்ஜினுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. "ஆண்டை கார் வாங்கிகிறாரு, மாடு இஸ்துகினு வருது" என்று கடைத்தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேரை மறுநாள் நடவுக்கு வர வேண்டாம் என்று நைனா சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் கோபம் இப்படித்தான் சத்தமில்லாமல் போகும்.

காரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன்தான். எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்த, சேரியைச் சேர்ந்தவன். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய் லாரி ஓட்டி, லாரி ரிப்பேர் பார்த்து, சண்டை முடிந்ததும் திரும்பி வந்து எங்கள் சேற்றிலேயே இறங்கியவன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடலாம். அன்று கொடுக்காத மரியாதையை இன்று காகிதத்தில் கொடுத்தால் அது பொய்.

கழற்றிய நட்டு, போல்ட்டை எல்லாம் கொட்டாங்கச்சிகளில் போட்டு, கழற்றிய வரிசையிலேயே சுவரோரம் அடுக்கி வைப்பான். எந்தக் கொட்டாங்கச்சியில் எது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒரு நாள் போகிற போக்கில் நாலைந்தை நான் உதைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தே. அவன் சாணியில் துழாவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவன் கோபப்படாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் வேலை காருக்குள் உட்காருவது. அவன் உட்காரக் கூடாது. யாரும் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என்ஜினைத் தொடலாம், சக்கரத்தைத் தொடலாம், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிரீஸில் குளிக்கலாம். கதவைத் தாண்டி மட்டும் அவன் கை உள்ளே வராது. உள்ளே ஆகவேண்டிய வேலையை எல்லாம் அவன் வெளியே நின்று சொல்ல, நான் செய்வேன். "கிளச்ச அமுக்குங்க சின்னாண்டே. வுடுங்க. இன்னொரு தபா." நைனா அவனுக்கு ஆண்டை, நான் சின்ன ஆண்டை. காரைத் தெரிந்தவன் வெளியே, தெரியாதவன் உள்ளே. அப்படித்தான் அந்தக் கார் உயிர் பெற்றது.

ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு சின்னக் கம்பி இருந்தது. அதைப் பற்றி அவன் எனக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பான். வண்டியை முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது அந்தக் கம்பி மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் என்ஜினில் நெருப்பு முந்திக்கொண்டு பற்றி, ஹேண்டில் எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும். "பட்டாளத்துல என் கூட்டாளி ஒருத்தனுக்கு கை ரெண்டா பூட்சி. மேல கீதான்னு பாத்துட்டுத்தான் சுத்தணும்" என்றான். ஹேண்டில் போட நிற்கிற இடத்திலிருந்து அந்தக் கம்பி தெரியாது. உட்கார்ந்திருக்கிறவன் சொன்னால்தான் உண்டு.

வேலை முடியும் தறுவாயில் நைனா ஒரு முடிவு சொன்னார். கார் ஓடத் தொடங்கியதும் அவன்தான் டிரைவர். நைனாவின் ஆசாரம் அவருடைய வசதிக்கு வளையும். ஆனால் அந்தத் தோல் சீட்டில் அவன் உட்காரலாமா? அதற்கும் வழி வைத்திருந்தார். பூஜை முடிந்ததும் டிரைவர் உட்காரும் சீட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு பலகை போடுவது. தச்சனிடம் சொல்லி வேப்பம்பலகை ஒன்றை அளவெடுத்து அறுக்கவும் வைத்தார்.

வேறு ஒருத்தனாக இருந்தால் அந்தப் பலகையைப் பார்த்து உள்ளுக்குள்ளாவது காறித் துப்பியிருப்பான். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. "எம் பொஞ்சாதி இதுமேல போட துணி தெச்சிக்கினு கீறா ஆண்டே. இனிமே சேத்துல எறங்க வாணாம் இல்ல?" என்று நைனாவிடம் கேட்டான். "எதுக்குடா எறங்கற? நீ டிரைவருடா" என்றார் நைனா. அவன் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் காரை நான்தான் ஓட்டப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். காவாந்தண்டலத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் நானே காரைக் கொண்டுபோய் நிறுத்துவதாக எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. பூஜைக்கு முதல் நாள் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில். பிரேக்குக்குப் பதில் கிளச்சை மிதித்து, நேராகத் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய் இடித்தேன். பெண் வீட்டிலிருந்து வந்திருந்த மாமாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். நைனா எல்லார் எதிரிலும், "உனுக்கு மாட்டு வண்டியே ஓட்ட வராது. பின்னால குந்திகினு வா, அவன் ஓட்டுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவன் குனிந்து முட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. சிரித்தான் என்றே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பூஜை. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம், குங்குமம். ராகு காலம் வருவதற்குள் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று நைனா பறந்தார். நான் தோல் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் துவைத்த வேட்டி கட்டி, முன்னால் போய் ஹேண்டிலைச் செருகினான். என்ஜினுக்குள் எல்லாம் புதுசு, அதனால் இறுக்கம். அரைச் சுற்றில் கிளம்பாது, உடம்பு பலத்தைப் போட்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

"கம்பி மேல கீதா சின்னாண்டே?" என்று கேட்டான்.

கம்பி கீழே இருந்தது. நான்தான் கீழே இழுத்து வைத்திருந்தேன். ஒரு உதை வாங்கட்டும், கையை உதறிக்கொண்டு குதிக்கட்டும், இப்போது அவனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை ரெண்டாகப் போன கூட்டாளியின் கதையும் அந்த நேரம் ஞாபகத்தில் இருந்தது.

"கீது, சுத்து" என்றேன்.

இரண்டாவது சுற்றில் அடித்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவன் அப்படியே மண்டி போட்டுவிட்டான். முன்கை இருக்கவேண்டிய திசையில் இல்லை. எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். அந்தக் குழப்பத்தில் நான் கம்பியை மேலே ஏற்றிவிட்டு இறங்கினேன். நைனா முதலில் கேட்டது, "ராகு காலத்துக்கு எவ்ளோ நேரம்டா கீது?"

முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. பார்க்கப் போனவர்களிடம் எல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: "நாந்தான் புடிக்கிற மாரி புடிக்கல. அவசரம்." நானும் ஒரு தடவை போனேன். என்னிடமும் அதையே சொன்னான். நான் "ஆமா, அவசரப்பட்டுட்ட" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதுகூட என் வாயில் நானே அறையலாம் போல இருக்கிறது. அன்று எனக்கு அப்படி எதுவும் இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஜாதிக்கார டிரைவர் ஒருவர் வந்தார். அவர் தோல் சீட்டிலேயே உட்கார்ந்தார். பலகை தட்டிக்கு அந்தப் பக்கம் போய், எருமைகளுக்குத் தவிட்டு வாளி வைக்கும் மணையாயிற்று. கோணல் கையால் ஏர் பிடிக்க முடியாது, அதனால் அவனை எங்கள் மாடுகளை மேய்க்கப் போட்டார்கள். திருப்புலிவனம் சாலையில் கார் வரும்போது அவன் மாடுகளை ஓரங்கட்டிவிட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். நான் பின் சீட்டில், கல்யாணமான புதுசு. என்ஜின் சத்தத்தை அவன் தலையைச் சாய்த்துக் கேட்பான். மறுநாள் டிரைவரிடம் ஏதாவது ஒரு குறை சொல்லி அனுப்புவான். அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

பத்து வருஷம் கழித்து, நைனா போன பிறகு காரை விற்றேன். வாங்க வந்தவர் பட்டணத்துக்காரர். கார் பல மாதம் அதே மாட்டுக்கொட்டகையில் ஓடாமல் கிடந்தது, பேட்டரி செத்துவிட்டது. ஹேண்டில்தான் போட வேண்டும். அந்தப் பக்கம் எருமைகளைக் கட்டிக்கொண்டிருந்தவன் தட்டியோரம் வந்து நின்றான்.

"வண்டிய பத்தி இவருக்குத் தெரியுமா?" என்று வந்தவர் கேட்டார். "அவன்தான் இதை ரிப்பேர் பண்ணினான்" என்றேன். "அப்ப நீங்க உள்ள உக்காருங்க, நான் சுத்தறேன்" என்று அவர் அவனைப் பார்த்துச் சொன்னார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். நைனா இல்லை, ஊரில் கேட்க யாரும் இல்லை, காரே இனி எங்களுடையது இல்லை.

"அவனுக்குக் கை வராது. நான் உக்கார்றேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

பட்டணத்துக்காரர் ஹேண்டிலைச் செருகினார். அவன் கதவருகில் வந்து நின்றான்.

"கம்பி மேல கீதா சின்னாண்டே?"

"கீது" என்றேன். நிஜமாகவே மேலேதான் இருந்தது.

அவன் தலையாட்டவில்லை. அந்தக் கோணல் கையைக் கதவைத் தாண்டி உள்ளே நீட்டி, என் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து, கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தான். மேலேதான் இருக்கிறது என்று உறுதியான பிறகு கையை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்றவரிடம் சொன்னான்.

"இப்ப சுத்துங்க சார்."