நான் ஊறவைத்த பந்து

உனக்கு யார் சொன்னது அம்மணி, அந்தக் காலத்தில் பெண்கள் பந்தாட்டம் பார்க்கப் போனதே இல்லை என்று? மேற்கு வீட்டுக்காரி சொன்னாளா? அவள் இந்த ஊருக்கு வாழ வந்ததே நேற்று மாதிரி இருக்கிறது, அவளுக்கு என்ன தெரியும்? நான் போயிருக்கிறேன். பார்க்கப் போனது மட்டுமா, இரண்டு ஊர் ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தின் நடுவில் போய் நின்றிருக்கிறேன். சிரிக்காதே. உட்கார், சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பெரிய யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி. நான் பிறந்தது சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். வாழ வந்தது போத்தனூருக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு மில் ஊருக்கு. அங்கே ஒரு பந்தாட்டச் சங்கம் இருந்தது. ரயில்வே காலனியில் துரைமார் விளையாடுவதை வேலி ஓரம் நின்று பார்த்துப் பார்த்து, நம் ஆட்கள் பழந்துணியைச் சுருட்டிக் கட்டி உதைக்க ஆரம்பித்தார்களாம். பிறகு எங்கிருந்தோ ஒரு தோல் பந்து வந்தது. அப்புறம் மில் மேனேஜருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் வேலை, ஆட்டம் உள்ள நாளில் அரை நாள் லீவு, ஆடி முடித்தால் சோடாவும் பன்னும். ஒரு வருஷம் கோப்பைகூட வாங்கினார்கள். அதை மாட்டு வண்டியில் வைத்து மேளம் அடித்துக் கொண்டுவந்தார்களாம். நான் வந்த பிறகு மேளமும் இல்லை, கோப்பையும் இல்லை. போன இடமெல்லாம் தோல்விதான். என் ராசி என்று மாமியார் சொல்வார், அது தனிக் கதை.

கடைசியில் மேனேஜர் சொல்லிவிட்டார், இந்தத் தடவை ரயில்வேக்காரர்களிடமும் தோற்றால் சங்கத்தைக் கலைத்துவிடுவேன், பந்துக்காகச் சேர்த்த ஆட்களுக்கு வேலையும் கிடையாது என்று. என் வீட்டுக்காரருக்கு வேலை வந்ததே பந்தால்தான். கோல் காப்பது அவர். வீட்டில் வாயே திறக்க மாட்டார். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட என்னிடம் சொல்ல மாட்டார், தட்டிடம்தான் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷரைப் பற்றி அந்த வாரம் ஒரு பேச்சு கிளம்பியது. ரயில்வேக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் வரச்சொல்லி ஆசை காட்டுகிறார்களாம். அதனால் இந்த ஆட்டத்தில் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துவிடுவாராம். அவரிடம் கேட்கவும் எனக்குப் பயம்.

மைதானத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடுதான் என்பதால் சங்கத்துப் பந்து எங்கள் வீட்டில்தான் இருக்கும். இருந்ததே ஒரு பந்து. ஆட்டம் முடிந்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் பையைத் தலைவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார். வெறும் தோல் கூடு எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் அதை எடுத்துப் பார்த்தேன். காய்ந்து, வறண்டு, தையல் ஓரமெல்லாம் வெடிப்பு. ஐயோ பாவம் என்றிருந்தது.

என்னைப் பெற்ற ஐயன் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரை மாடு கட்டித் தோல் பறியில்தான் இறைப்போம். பறி காய்ந்தால் கிழிந்துவிடும். அதனால் முதல் நாளே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, விளக்கெண்ணெய் தேய்த்துப் பதமாக்கித்தான் ஐயன் கிணற்றில் இறக்குவார். தோல் என்றால் தோல்தானே? நானும் அந்தக் கூட்டைத் தொட்டியில் போட்டு, மிதக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்து, இருந்த விளக்கெண்ணெயை எல்லாம் தேய்த்து, துணியால் துடைத்துப் பையில் போட்டு வைத்தேன். அவர் மில்லிலிருந்து நேராக வந்து, பையைத் திறந்தும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனார். நமக்கு வந்த மருமகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து எனக்கு ஒரே பூரிப்பு!

மேனேஜர் வீட்டு அம்மாள் ஆட்டம் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் மில் வீட்டுப் பெண்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். மாமியாரும் நானும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் ரயில்வேக்காரர்கள் பூட்சு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் எல்லோரும் வெறுங்கால்.

சங்கத்துத் தலைவர் கோட்டைமேட்டுப் பாய். தோல் வேலை செய்கிறவர், ஆட்டத்தில் முன்னால் நின்று கோல் போடுகிறவரும் அவர்தான். ரப்பர் பையை உள்ளே வைத்து, காற்றடித்து, வாரை இழுத்துக் கட்டி, பந்தைக் கீழே போட்டார். பொத்தென்று விழுந்தது. அப்படியே கிடந்தது. பூசணிக்காய்கூடக் கொஞ்சம் உருண்டிருக்கும்.

பாய் அதைத் தூக்கி மோந்து பார்த்தார். முகம் மாறிப்போயிற்று. "ஆருங்க இதை நனைச்சது?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

நடுவராக வந்தவர் கடிகாரத்தை எடுத்தார். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரர்தான் பந்து தர வேண்டும், பந்து சரியில்லை என்றால் வந்தவர்களுக்கு வெற்றி, அதுதான் ஏற்பாடு என்றார். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒருவன் கத்தினான், "நாஞ் சொல்லலீங்களா? அவன் ரயில்வேக்கு வெலை போயிட்டானுங்க! பந்தையே கெடுத்துப்போட்டான் பாருங்க!"

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் மரத்தடியில் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தானுங்க. கை தவறித் தொட்டீல போட்டுட்டனுங்க" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் தன் பேரைக் கெடுத்துக்கொள்கிறார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நடந்தேன். "ஏ புள்ளே, எங்க போறே! ஆம்பளைக நிக்கற எடம்!" என்று மாமியார் முந்தானையைப் பிடித்தார். உருவிக்கொண்டு போனேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னேன்.

"அவரில்லீங்க. நாந்தானுங்க ஊறப்போட்டேன். எங்க ஐயன் பறிக்கு இப்படித்தானுங்க பதம் போடுவாரு. நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சுபோட்டனுங்க. அவரு மேல பழி போடாதீங்க."

முதலில் சிரித்தது பாய்தான். "தங்கச்சி, பதமெல்லாம் அருமையாத்தான் இருக்குது. இதுல ஏக்கராவுக்குத் தண்ணி எறைக்கலாம்!" கூட்டத்தில் பாதிப் பேர் தோட்டத்துக்காரர்கள். பறி என்றதும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைதானமே சிரித்தது. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

ரயில்வே அணித் தலைவர் ஒரு ஆங்கிலோ இந்தியர், எஞ்சின் ஓட்டுகிறவர். பனைமரம் மாதிரி உயரம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நடுவரோ விசிலை வாயில் வைத்துவிட்டார். அந்தத் துரை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. எங்க பந்து காலனியில இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார். நல்ல தமிழ். அவர் ஆளே ஒருவர், "சும்மா வர்ற ஜெயத்தை ஏன் விடறீங்க?" என்று முணுமுணுத்தார். "சும்மா வர்றதுக்கா பூட்சு மாட்டினேன்?" என்று கேட்டுவிட்டு, தன் சைக்கிளையே கொடுத்து அந்த ஆளையே அனுப்பினார்!

பந்து வந்தது, ஆட்டமும் தொடங்கியது. அதற்கப்புறம் நான் கண்டதை எப்படிச் சொல்வேன் அம்மணி! என்னிடம் வாய் திறக்காத மனுஷர், கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டு பத்துப் பேரையும் அதட்டுகிறார். "எடதுல போடா! ஆளை உடாதே!" யாரோ வேறு ஆள் என்று நினைத்தேன். பந்து மூலைக்கு வந்தால், பையன்கள் கிணற்றில் குதிக்கிற மாதிரி காற்றில் குதிக்கிறார். கிணற்றில் குதிக்கிறவர்கள்கூடத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குதிப்பார்கள். இவர் வெறும் தரையில் விழுகிறார்! விழுந்து, எழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். நான் வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. மாமியார் மட்டும், "இதுக்குத்தானா இவன் தெனமும் ரெண்டு முட்டை திங்கறான்" என்றார். ஆனால் கண்ணில் தண்ணீர்.

அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். பாய் ஒன்று போட்டார். முடியப்போகிற நேரத்தில் அந்த எஞ்சின் துரையே தனியாக வந்து ஓங்கி உதைத்தார். என் வீட்டுக்காரர் நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தார். அடி விழுந்த சத்தம் மரத்தடிக்குக் கேட்டது. விசில் ஊதிவிட்டது. இரண்டு பேருக்கும் சமம். விழுந்து கிடந்தவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அந்தத் துரைதான். அவர் ஆட்கள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். அவர் மட்டும் ஜெயித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் காலனியில் மறுபடி வைத்த ஆட்டத்தில் நம் ஆட்கள் தோற்றுப்போனார்கள். ஆனால் முந்தின ஆட்டத்தைப் பார்த்த மேனேஜருக்குச் சங்கத்தைக் கலைக்க மனசு வரவில்லை. புதுப் பந்து ஒன்று வாங்கித் தந்து, "இது பாய் ஊட்டுல இருக்கட்டும்" என்றார். யுத்தம் வந்து ஆட்கள் சிதறும்வரை சங்கம் நடந்தது. அந்த மைதானத்தில் பிறகு பஞ்சுக் கிடங்கு கட்டிவிட்டார்கள்.

ரயில்வேக்காரர்கள் கூப்பிட்டது நிஜம்தானாம். அந்த எஞ்சின் துரையே நேரில் வந்து கேட்டாராம். இவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொன்னது நாலு குழந்தை பிறந்த பிறகு!

எத்தனையோ பேர் ஜெயித்ததைப் பார்த்துவிட்டேன். ஆனால் கைக்கு வந்த ஜெயத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தன்னை வேண்டாம் என்று சொன்னவனோடு சரிக்குச் சரி நின்று விளையாடத் தன் பந்தையே வரவழைத்த ஒரு மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, என் கையைத் தொட்டுப் பார்.

ஐயோ, சிலிர்ப்பு இல்லை அம்மணி, தூறல்! வாசலில் மிளகாய் காய்கிறது, எழுந்திரு, அந்த முறத்தை எடு!