நாகூர் வரை போய் வந்த இரண்டு வெள்ளைத் துணிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் பூவத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். கொத்தனாருக்கு மட்டம் பிடித்துக் கொடுத்ததே நான்தான். இரண்டு இடத்தில் உப்புத் தண்ணீர் வந்த பூமியில் மூன்றாவது இடம் காட்டி நல்ல தண்ணீர் எடுத்தேன். உடைசலாக வாங்கிய டிராக்டரை ஓட வைத்து ஊரில் பாதி வயலை உழுதேன். இப்போது அறுபத்தெட்டு வயதில், இருபத்தெட்டு வருஷத்துப் பைக்கின் முன்ஷாக் இரண்டையும் வீட்டு வாசலிலேயே பிரித்துச் சேர்த்திருக்கிறேன். அதை ஓட்டிப் பார்த்த கதைதான் இது.

முன்ஷாக் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும், பள்ளத்தில் வண்டி டங்கென்று இடிக்கும். என் மகன் செந்தில் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட ஆளையே பேசி வைத்துவிட்டான். நான் என்ஜினுக்கு அடியில் செங்கல் அடுக்கி, சக்கரத்தைக் கழற்றி, சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினேன். காலுக்கு ஒரு குவார்ட்டர் கணக்கு. எங்கள் பக்கம் பூச்சிமருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் குவார்ட்டர் பாட்டில்தான் அளவு. தேடிப் போக வேண்டாம், வேலியோரம் கிடக்கும்.

செந்தில் பந்தயம் வைத்தான். இரண்டு சீலுக்கும் கீழே வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, நாகூரில் அவன் சித்தி வீடு வரை போய்த் திரும்ப வேண்டும். துணியில் எண்ணெய் பட்டால் சாவி அவனுக்கு.

காலை 6.10. புறப்பட்டோம். வழிக்கு இருக்கட்டும் என்று மிச்ச எண்ணெயை என் வீட்டுக்காரி வசந்தா ஒரு குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டியதில் மீட்டர் ஓடவில்லை. அது ஷாக் வேலையில் சேராது.

கோட்டுச்சேரி தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் குனிந்து துணியைப் பார்த்தேன். ஷாக் எப்படி அமுங்கி எழுகிறது என்று வசந்தாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

“மூணாவது துணி ஒண்ணு கிழிச்சு உங்க வாயில கட்டியிருக்கணும்ங்க” என்றாள். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

6.45. காரைக்காலில் டீ, ஒன்று பன்னிரண்டு ரூபாய். அவள் உட்கார்ந்து குடித்தாள், நான் வண்டிப் பக்கத்தில் குந்தியபடி குடித்தேன். துணி வெள்ளை. அரசலாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் முன்பெல்லாம் பல் ஆடும். இன்று சத்தமே இல்லை. திருமலைராயன்பட்டினம், போலகம் பிரிவு, எல்லாம் கடந்தோம். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

7.30. வாஞ்சூர் சோதனைச் சாவடி. எங்கள் பக்கத்து மலிவுச் சரக்கு எல்லை தாண்டக் கூடாதென்று இங்கே இரண்டு சக்கர வண்டியின் பையைப் பார்க்காமல் விடமாட்டார்கள். காவலர் கை காட்டினார், நான் பிரேக்கை அழுத்தினேன், முன்பக்கம் அமுங்கியது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கத் துணியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை.

காவலர் பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தார். செம்பழுப்பு நிறம், கழுத்து வரை இருந்தது. “பெரியவரே, காலையிலேயேவா?”

“மோந்து பாருங்க சார். ஷாக் எண்ணெய்.”

மோந்தார், முகம் சுளித்தார். ஆனால் போகச் சொல்லவில்லை, அவரும் குனிந்து கறையைப் பார்த்தார். சீலைத் தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று துணியைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் வசந்தா வாயைத் திறந்தாள்.

“இடப்பக்கத்துக்குப் பாட்டில் கழுத்து வரைக்கும் அளந்து ஊத்துனீங்க. வலப்பக்கத்துக்கு வாய் வரைக்கும் ரொப்பி ஊத்துனீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா கேட்டுருவீங்களாக்கும்.”

காவலர் சிரித்தார். “குவார்ட்டர்னா கழுத்து வரைக்கும்தான் பெரியவரே. வாய் வரைக்கும் எந்தக் கடையில குடுக்குறான்?”

நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைத்தது என் தப்பு. உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் வழியை உடனே கண்டவனும் நான்தான். வசந்தா ஊற்றிய பாட்டில் கழுத்து வரைதான் இருக்கிறது. காலின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, அந்தப் பாட்டில் வாய் வரை நிரம்பும்வரை வடித்தேன். கூடுதலாக ஊற்றியது அப்படியே திரும்பி வந்தாயிற்று. காவலர் வண்டியைப் பிடித்துக்கொண்டார், வசந்தா பாட்டிலைப் பிடித்தாள்.

அவள் பையில் அதே வெள்ளைத் துணியில் இன்னொரு துண்டு இருந்தது. “மாத்திக் கட்டிட்டா அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றாள், பாட்டில் மூடியைத் திருகியபடி.

அப்படியே செய்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு புதுத் துணியைக் கட்டினேன். கறைத் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

7.55. நாகூர். மைத்துனி வீட்டில் இட்லி வைத்தார்கள். இரண்டு இட்லிக்கு மூன்று தடவை வாசலுக்கு எழுந்து போனேன். துணி வெள்ளையாகவே இருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

11.20. பூவம். வாசலில் நின்றிருந்த செந்திலிடம் முதலில் கறைத் துணியைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். “அப்ப தோத்துட்டீங்கப்பா” என்றான். நான் சாவியை நீட்டினேன். அவன் வாங்காமல் ஹேண்டிலைப் பிடித்துப் பத்து தடவை அமுக்கினான். புதுத் துணியை அவிழ்த்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வெச்சுக்குங்க. அந்த இரும்புக்கார ஆள நான் வர வேணாம்னு சொல்லிடுறேன்.”

அன்றைக்கு அதோடு நிம்மதியாகப் படுத்திருப்பேன். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப்பில் வண்டிப் படத்தைப் போட்டு எழுதியிருக்கிறான்: ‘அப்பா பைக் முன்ஷாக் சர்வீஸ் பண்ணியாச்சு.’ உடனே நாகூரிலிருந்து கேள்வி, எந்த மெக்கானிக் என்று.

செந்தில், நீ படித்தவன். பண்ணியாச்சு என்றால் யார் பண்ணியது? தானாகவா ஆயிற்று? ‘அப்பா பண்ணினார்’ என்று திருத்திப் போடு. அளவு சொன்னது அம்மா, அதையும் போடு. என் பெயருக்குக் கீழே போடு.