அவரையைத் தாக்கும் வாடல் நோய்

சின்னவள் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுபோய் வைத்த அன்று, அதன் கனம் தாங்காமல் பல்கலைக்கழகக் கட்டடமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சரி, கட்டடம் இல்லை, மேசை. அதுவும் ஏற்கெனவே ஒரு கால் குட்டையான மேசை. ஆனாலும் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

நான்கு பெண்களில் கடைசி என்பதால் சின்னவள். காதோரம் நரைத்த பிறகும் வீட்டில் அதே பெயர்தான். கல்லூரி ஒன்றின் உயிரியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். அந்தக் கல்லூரியில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு ஆயுள் கெட்டி. அதற்குள்ளேயே இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, பள்ளிக்கும் அனுப்பிவிட்டாள். அந்த வருடம் வந்த புது முதல்வரோ, ஆய்வேட்டைத் தாக்கல் செய்தவர்கள் மட்டும் வேலையில் இருக்கலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவளுடைய ஆய்வுப் பதிவுக்கு அன்று மாலையோடு கெடு முடிகிறது. விட்டால் பதிவும் போச்சு, வேலையும் போச்சு.

அவள் ஆராய்ந்தது அவரைக்கொடியை. நேற்றுவரை கொத்துக் கொத்தாகக் காய்த்த கொடி திடீரென்று தலையைத் தொங்கப்போட்டுக் கருகுமே, அந்த வாடல் நோயை. மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். துணி காயப்போட இடமில்லாத மாமியார், "வீட்டுல நாலு பேர் தும்மினா திரும்பிப் பாக்கமாட்டா. கொடி லேசா வாடினா போதும், டார்ச் எடுத்துக்கிட்டு ஓடுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிகூட முடிந்துவிட்டது, அலுவலகம்தான் முடியவில்லை. நூலகத்தில் நிலுவை இல்லை என்று ஒரு கையெழுத்து. ஆய்வகத்தில் ஒன்று. ஒரு நாளும் தங்காத விடுதியிலும் ஒன்று. "நான் இங்க தங்கவே இல்லைங்க" என்றாள். "தங்கலைன்னு யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் விடுதிக் காப்பாளர். அதையும் வாங்கினாள்.

எல்லாம் வந்து சேரும் இடம் ஆய்வுப் பிரிவு. அங்கே கண்காணிப்பாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஒற்று சார்'. எங்கே க், ச், த், ப் வரும், எங்கே வராது என்பதில் அவருக்கு அப்படி ஒரு வெறி. கேண்டீன் விலைப்பலகையையே சிவப்பு மையால் திருத்தியவர். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். சின்னவளுக்கு மட்டும் நாற்காலி போடுவார், தண்ணீர் கொடுப்பார், "வீட்ல அவர் எப்படி இருக்காரும்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். "இருக்கார் சார், அப்படியேதான்" என்பாள் இவள். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாளன்று பிரதிகளைச் சுமக்கக் கணவரையும் அழைத்துப் போனாள். அவர் லாரி ஓட்டுபவர். வாசலில் நுழைந்தால் அறையில் வெளிச்சம் குறையும். பிரதிக் கட்டைத் தொப்பென்று மேசைமேல் வைத்தார். மேசை சாய்ந்தது. ஒற்று சார் நிமிர்ந்தார்.

"இவர்?"

"என் வீட்டுக்காரர் சார்."

சார் எழுந்தே நின்றுவிட்டார். "தேறிட்டாரே! நல்லா தேறிட்டாரேம்மா!"

"எதுலேர்ந்து சார்?" என்றார் கணவர்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? உங்க நோய்க்காகத்தானே இவங்க ராப்பகலா ஆராய்ச்சி பண்ணாங்க!" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். சின்னவள் இதுவரை பார்த்திராத அந்தக் கோப்பில் பதிவாகியிருந்த தலைப்பு: 'அவரைத் தாக்கும் வாடல் நோய்.'

சின்னவள் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆய்வேட்டின் அட்டையில் தங்க எழுத்தில் இருந்தது 'அவரையைத் தாக்கும் வாடல் நோய்.'

"சார், அவரை சார்! கொடியில காய்க்குமே, அது!"

"நீங்க 'அவரையை'ன்னு கொடுத்திருந்தீங்க. ஒரு சொல்லுக்கு எதுக்கு ரெண்டு 'ஐ'ன்னு நான்தான் ஒண்ணை எடுத்தேன்."

"ஒண்ணு காயோடது சார். இன்னொண்ணுதான் வேற்றுமை உருபு."

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னைப் பாத்தா வாடினவன் மாதிரியா சார் இருக்கு?"

"அதான் எனக்கும் குழப்பமா இருந்துச்சு" என்றார் சார். சிரிக்கவில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை. பதிவிலும் அட்டையிலும் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பதிவை மாற்றுவதென்றால் ஆய்வுக் குழு கூட்டம் நடக்க வேண்டும். அது போன வாரம்தான் கூடிக் கலைந்தது. இன்னொரு வழி, தவறு அலுவலகத்துடையது என்று கண்காணிப்பாளரே எழுதிக் கையெழுத்திடுவது. ஒற்று சார் தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை ஏறுவதை நினைத்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"எதிர்லயே பைண்டிங் கடை இருக்கு. அட்டையைப் பதிவுல இருக்கற மாதிரி மாத்திட்டு வாங்களேன், இப்பவே வாங்கிக்கறேன்."

"மாத்தித் தொலை. எனக்கு நோய்னா இருந்துட்டுப் போகட்டும். வேலைதான் முக்கியம்" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. நாளைக்குச் சான்றிதழ்லயும் அதுதான் வரும். காலம் பூரா யார் அந்த 'அவர்'னு கேப்பாங்க." சாரிடம் திரும்பினாள். "சார், யானையைப் பாத்தேன்னு சொல்வீங்களா, யானைப் பாத்தேன்னு சொல்வீங்களா?"

"யானையை."

"யானைக்கு ரெண்டு 'ஐ' கொடுக்கறீங்க. பாவம், அவரைக்கு மட்டும் ஒண்ணா?"

அடுத்த மேசைத் தட்டச்சு அம்மா சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். சார் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். யானையை. பூனையை. வாழையை. அவரையை. பேனாவைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, 'அலுவலகப் பிழை' என்று எழுதி, நடுவிலிருந்த 'ப்'பை மட்டும் கொஞ்சம் அழுத்திவிட்டு, கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

சின்னவள் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா! முடிஞ்சுடுச்சு! உன் பொண்ணு டாக்டர்!"

"இன்னும் இல்லம்மா" என்றார் தட்டச்சு அம்மா, தலையைத் தூக்காமல். "இப்போதைக்கு வாங்கி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். அதை நாலு பேர் படிக்கணும், வாய்மொழித் தேர்வு வெக்கணும். உங்க வேலை போகாது, அதைச் சொல்லுங்க உங்க அம்மாகிட்ட."