பின்னட்டையில் இருந்த முகம்

டீசல் புகையும் மீன் கூடையிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் கலந்து வெயிலில் காயும் வாடைக்கு நடுவில், நைனா தன் தோல் பையைத் திறந்தால் மட்டும் வசம்பு வாசனை வரும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் படிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிற கை, பேனாவையும் ஸ்பேனரைப் போலத்தான் பிடிக்கிறது. வரிகள் போகப்போகக் கீழே சரிகின்றன. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளில் அவர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். டிக்கெட் கட்டும் சில்லறையும் கிடக்கும் அந்தத் தோல் பையின் உள்ளறையில், பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டு வைத்த ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். கதைப் புத்தகங்களின் முதற் பதிப்பை எழுதியவரின் கையெழுத்தோடு சேர்த்துவைப்பது நைனாவின் பைத்தியம். எப்போதோ ஒரு எழுத்தாளர் சீட்டில் மறந்துவிட்டுப் போன புத்தகத்தை நைனா பத்திரமாக எடுத்துவைத்துக் கொடுக்கப்போக, அவர் அதிலேயே கையெழுத்துப் போட்டு நைனாவிடமே தந்துவிட்டாராம். அன்று பிடித்துக்கொண்டது.

ஏன் முதற் பதிப்பு மட்டும் என்று அம்மா கேட்டால் நைனா சொல்லுவார்: "மொத தபா அச்சுல வரசொல்ல எழுதுனவனுக்கு வயித்துல ஒரு பயம் இருந்திருக்கும். அந்தப் பயம் இதுல கீது. ரெண்டாவது பதிப்புல அது பூடும்." இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போட்டிருந்தால் கையால்கூடத் தொடமாட்டார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கமாட்டார். "என் வண்டில ஏறட்டும், கேக்கறேன்" என்பார்.

எழுத்தாளர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கடலோர விடுதியில் அறை எடுத்து எழுத வருவார்கள், வெளியூர் விருந்தாளிக்குக் கோயிலைக் காட்ட வருவார்கள். நைனா புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் போட்டோவை மனதில் வைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். "டூட்டி" இல்லாத நாளில்கூட அவரால் வீட்டில் உட்கார முடியாது; சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அடுத்த கண்டக்டரின் வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்று எட்டிப்பார்த்துவிட்டு வருவார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலைப் பார்ப்பார். லீவு நாட்களில் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார், அதனால் இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கு மிகவும் வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அந்த எழுத்தாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய முதல் நாவலின் முதற் பதிப்பைப் பட்டணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்த நாளிலிருந்து, பையில் வேறு புத்தகத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. பின்னட்டையில் சுருட்டை முடியும் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியும் போட்ட ஒரு வாலிபர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தை நைனா எனக்கும் காட்டி, "பாத்து வெச்சிக்கோ, நான் பின்னால டிக்கெட்டு போட்டுகினு இருந்தா நீ சொல்லணும்" என்று சொல்லியிருந்தார்.

அந்த முகம் ஒரு நாள் செங்கல்பட்டில் ஏறியது. அதே சுருட்டை, அதே கண்ணாடி. நைனா டிக்கெட் கிழிக்காமல் புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிதர் புத்தகத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, உள்ளே வெற்றுப் பக்கத்தில் மெதுவாக எழுதிக் கொடுத்தார். நைனா அதற்குப் பிறகு அடித்த விசில் சத்தத்தில் முன்னால் போன மாட்டுவண்டி ஒதுங்கிக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார், தொடவிடாமல்.

மறுபடி அவர் ஏறியது மாமல்லபுரத்தில். கன்னியம்மா என்று ஒரு மீன்காரம்மா தினமும் எங்கள் வண்டியில் வருவாள். கூடையை மேலே ஏற்றச் சொல்லி நைனாவும் மாட்டேன் என்று அவளும் சண்டை போடாத நாளில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னா சார், நேத்து எங்க குப்பத்த அளந்துகினு இருந்தியே, முடிஞ்சுதா?"

நைனா குறுக்கே வந்தார். "கன்னியம்மா, யாராண்ட பேசறேன்னு தெரியுமா? அவரு எழுதறவரு."

"ஆமாண்ணாத்த, எழுதிகினுதான் கீறாரு. எங்க வூடு எத்தினி அடி, கொல்லை எத்தினி அடின்னு எழுதி எழுதி நோட்டே ரொம்பிப் போச்சு. சர்வேயரு இல்ல இவரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ரங்கண்ணன் திரும்பாமலே, "இன்னாபா, புஸ்தகத்தோட ரெண்டு சென்ட் நெலத்தையும் எழுதி வாங்கிகினியா?" என்றார். நான் சீட்டுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிட்டேன்.

சர்வேயர் எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க. நீங்க நீட்டுன விதத்துல நான் அவர் இல்லேன்னு சொல்ல மனசு வரல. சொன்னா உங்க மூஞ்சி எப்பிடிப் போயிடுமோன்னு இருந்துச்சு."

"இப்ப எப்டி கீது, பாத்துக்க சார்" என்றார் நைனா.

திருக்கழுக்குன்றத்தில் அவர் இறங்கியபோது நைனாவும் பின்னாலேயே இறங்கினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து ரங்கண்ணன் எஞ்சினை நிறுத்தினார். நைனா புத்தகத்தைத் திறந்து, "இதுக்குக் கீழ உன் பேரப் போடு. பொய்யி மட்டும் தனியா இருக்க வேணாம்" என்றார். எழுத்தாளரின் பெயரை நிதானமாக எழுதிய அதே கை, தாமோதரன் என்ற தன் சொந்தப் பெயரை அவசரமாகக் கிறுக்கிவிட்டது.

அன்றிலிருந்து குப்பத்துப் பெண்கள் எங்கள் பஸ்ஸுக்குக் "கையெழுத்து வண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அது என் முதுகுக்குப் பின்னால் வந்தது. நான் ஏற்கனவே கூச்சக்காரன். நைனா புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார், ஆனால் வெளியே எடுப்பதில்லை. முகங்களைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. முன்பு ஆசையாகப் பார்த்தவர், இப்போது சந்தேகத்தோடு பார்த்தார்.

தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் செங்கல்பட்டில் ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, தோளில் துண்டு, கண்ணாடி இல்லை. நைனா சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது, பழுப்பு அட்டை ஓரத்தில் கிழிந்து புத்தகத்தின் முதுகு தெரிந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார்.

"அது முதல் பதிப்பாச்சே. எங்க கெடச்சுது உங்களுக்கு?"

நைனாவுக்கு யாரோ கேலி செய்ய அனுப்பிய ஆள் என்று தோன்றியிருக்க வேண்டும். "எங்க கெடச்சா உனுக்கு இன்னா பெரியவரே? எங்க எறங்கணும், அத சொல்லு."

"மாமல்லபுரம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நல்லா வச்சிருக்கீங்க" என்றார்.

நைனா பையை மூடிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பெரியவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கொஞ்ச நாள் கழித்துச் செங்கல்பட்டு ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் அதே நாவலின் புதுப் பதிப்பு தொங்கியது. நைனா பார்த்துவிட்டு வழக்கம்போலத் தள்ளி நின்றார். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, எடுத்துத் திருப்பினேன். பின்னட்டையில் ஒட்ட வெட்டிய வெள்ளை முடியோடு அந்தப் பெரியவர் இருந்தார்.

"நைனா, நம்ம வண்டில வந்தாரே" என்றேன்.

நைனா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். முதற் பதிப்பை மட்டுமே கையால் தொட்டவருக்கு, அதில் இருந்த பழைய முகம் மட்டுமே தெரிந்திருந்தது. புத்தகங்கள் மறுபடி மறுபடி அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதருக்கு வயதாகிக்கொண்டே போனதை நைனா பார்க்கவேயில்லை. கடைக்காரர் "வேணுமா, வேணாமா" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் நைனா அதைத் திரும்ப மாட்டினார்.

மறுநாளே டிரிப்புக்கு நடுவில் ஓடிப்போய்க் கடலோர விடுதிகளில் விசாரித்தார். எழுத்தாளர் பட்டணத்தில் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அம்மா சொன்னாள்: "பட்டணம் இன்னா சீமைலயா கீது? போய்க் கேட்டு வாங்கினு வாயேன், இந்த அலைச்சலாவது நிக்கட்டும்."

"இன்னான்னு சொல்லி நிக்கிறது? மூஞ்சில அடிக்கிற மாதிரி பேசுன கண்டக்டரு நான்தான்னா?"

ஆனாலும் போகக் கிளம்பினார். ஒரு முறை தாம்பரம் வரை போய் ரயிலை விட்டு இறங்கித் திரும்பிவிட்டார். இன்னொரு முறை எழுத்தாளரின் தெரு வரை போனதாகச் சொன்னார், அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். பொங்கல் கழியட்டும், மழை விடட்டும் என்று நைனா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோது ஒரு காலையில் ரேடியோவில் செய்தி சொன்னார்கள். நைனா அன்றைக்கும் டூட்டிக்குப் போனார்.

பிறகு என்னிடம் ஒன்று கேட்க ஆரம்பித்தார். சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்போது, முகம் மழிக்கும்போது, எப்போது தோன்றினாலும் கேட்பார்: "நல்லா வெச்சிகீறேன்னு சொன்னாரா இல்லியா? நீ பக்கத்துல இருந்த இல்ல?" "சொன்னாரு நைனா" என்பேன். மறுபடி கேட்பார். கடைசி வருடங்களில், என் பெயர் மறந்துபோன பிறகும் கேட்டார்.

புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார், இப்படிப் புத்தகங்கள் சேர்ப்பவராம். அட்டை, தாள் எல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், கையெழுத்துப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்த ஒரு தாளைப் பிளேடால் சுத்தமாக எடுத்துவிட்டால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தத் தனியார் பஸ் எப்போதோ நின்றுபோனது. டிக்கெட் இப்போது மிஷினில் வருகிறது; அதைத் தருகிறவர் மிஷினைப் பார்க்கிறார், ஏறுகிறவர் போனைப் பார்க்கிறார். எனக்குத்தான் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வரத் தெரியவில்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூசுகிற நான், பம்பு வேலைக்காகத் திருவிடந்தைப் பக்கம் போகும்போது வயதானவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், "ஐயா என்ன செய்யறீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். ரிட்டயர்டு என்பார்கள், விவசாயம் என்பார்கள், சிலர் முறைத்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்காமல் இறங்கவிட என்னால் முடிவதில்லை.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.