தோற்றுப்போவோம் என்றவர்

மகளை ரியூசன் வகுப்பில் விட்டுவிட்டு, யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கல்லூரியின் கம்பிவேலியோரம் காத்திருந்தபோதுதான் அவரைக் கண்டேன். உள்ளே கூடைப்பந்து அணி புதிய பருவத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சாயம்போன கல்லூரி ஜேர்சி அணிந்திருந்தார். கதைக்கும்போது அவருடைய வலதுகை இல்லாத பந்தொன்றைத் தட்டிக்கொண்டேயிருந்தது.

“இந்த முறை முதல் சுற்றிலேயே தோப்பம். பெடியளுக்கு உயரம் இருக்கு, இடக்கைதான் வேலை செய்யேல்லை,” என்றார் என்னிடம்.

பக்கத்தில் நின்ற தடித்த மனிதரும் அதே கல்லூரியின் பழைய மாணவர். “சொந்தக் கல்லூரியைப் பற்றி உப்பிடியோ கதைக்கிறது?” என்று கத்திக்கொண்டு, கையிலிருந்த ஹெல்மெட்டால் அவருடைய வாயில் ஓங்கி அடித்தார். ஒரு பல் மண்ணில் விழுந்தது. அடிபட்டு விழுந்தவர் வேலியைப் பிடித்து எழும்பி, “தோப்பம்தான்,” என்றார். மறுபடியும் அடி. கம்பியெல்லாம் இரத்தம். விழுந்தவரின் விலாவில் உதைக்கத் தொடங்கிய அந்தத் தடித்தவரை மூன்று பேராகத்தான் இழுத்துப் பிடித்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில், சட்டைப்பையிலிருந்த என் கைலேஞ்சியை இரத்தம் நிற்க அவருடைய வாயில் அழுத்தியபடி, “வெல்லுவம் எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை?” என்றேன்.

“சொன்னா எனக்கு அடி விழாது. பெடியளுக்கு விழும், விளையாட்டிலை.”

ஆஸ்பத்திரியில் உதட்டில் தையல் போட்டு, கதைக்கக்கூடாது என்றார்கள். அவர் சைகையால் பேனை கேட்டு, மருந்து எழுதிய துண்டுச்சீட்டின் பின்பக்கம் நிறைய எழுதி, மேலே ‘பயிற்சியாளருக்கு’ என்று போட்டு என் கையில் திணித்தார்.

மகளைக் கூட்டிவரப் போகும் வழியில் அதை வாசித்தேன். யார் இடக்கையால் பந்தெடுக்கப் பழகவேண்டும், யார் கெதியாகக் களைக்கிறான் என்பதெல்லாம் இருந்தது. அடித்தவரைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்குமென்று இரண்டு தரம் தேடினேன். இல்லை.