சமாதானம் கொண்டுபோன சொற்கள்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவன் சமாதானம். விடுதியில் யார் துண்டை யார் எடுத்துக்கொண்டு போனாலும், யார் பாத்திரத்தை யார் கழுவாமல் போட்டுவிட்டுப் போனாலும் பஞ்சாயத்து அவனிடம்தான் வரும். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகும்.

அது அவன் படித்து வந்த வித்தை இல்லை, வளர்ந்த வீடு கொடுத்தது. அப்பா தையல்காரர். முன்னறையில் அவருடைய மெஷின் ஓடும். பின்னறையில் அம்மா பொத்தான் தைப்பார். இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. எதற்காக நிறுத்தினார்கள் என்று கேட்டால் இருவருமே, “அத இப்ப எதுக்கு கிளறுற?” என்பார்கள். நடுவில் ஒரு திரைச்சீலை, திரைச்சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட ஒரு பிள்ளை.

“சோறு ஆறிப் போகுது, இஷ்டம்னா வரச் சொல்லு, இல்லன்னா நாய்க்குப் போட்டுடறேன்னு சொல்லு” என்பார் அம்மா.

“அப்பா, சூடா இருக்கும்போதே வந்து சாப்பிடணுமாம்” என்பான் பிள்ளை.

கத்தியாகப் புறப்பட்ட சொல் அவன் வாய் வழியாகப் போகும்போது கரண்டியாகிவிடும். வீடு உடையாமல் இருந்தது தன்னால்தான் என்று அவன் நம்பினான். ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம்.

கடைசி வருஷத்தில் செயல்திட்டத்துக்குக் குழு பிரித்தார்கள். பேராசிரியர் வேண்டுமென்றே கலந்து போட்டார். “ஒரே ஊர்க்காரங்க ஒரே குழுவுல கூடாது. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல உங்க ஊர்க்காரனா பக்கத்துல வந்து உக்காரப் போறான்?” என்றார். சமாதானத்தின் குழுவில் நான்கு பேர், நான்கு தாய்மொழிகள். பேசிக்கொண்டது ஐந்தாவது மொழியில்.

கணினி நிரல் எழுதியவனுக்குச் சுத்தியல் என்று பெயர். அவனுடைய ஊரில் உன் சட்டை கிழிந்திருந்தால், சட்டை கிழிந்திருக்கிறது என்றுதான் வணக்கமே சொல்வார்கள் போலும். மின்சுற்றுகள் செய்த பெண்ணுக்குப் ‘பார்க்கலாம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள். அவள் வளர்ந்த இடத்தில் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம். நான்காமவர் இரண்டு குழந்தைகளின் தகப்பன். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவரை எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள்.

அவர்கள் செய்ய எடுத்தது மருத்துவமனைக் கட்டிலுக்கு ஒரு மணி. தள்ளாத நோயாளி தனியாக எழுந்திருக்கப் பார்த்தால் தாதிக்கு மணி அடிக்க வேண்டும். உடம்பின் அசைவை உணர மெத்தைக்கு அடியில் விரிக்கும் விரிப்பைப் ‘பார்க்கலாம்’ செய்தாள். அதிலிருந்து வரும் சமிக்ஞையைப் படிக்கும் நிரலைச் சுத்தியல் எழுதினான். முதல் சோதனையிலேயே தகராறு. மனிதன் புரண்டு படுத்தாலும் மணி அடித்தது, எழுந்தால் சில நேரம் அடித்தது, சில நேரம் அடிக்கவில்லை.

அவள் சமாதானத்திடம் மெதுவாகச் சொன்னாள். “இந்த விரிப்ப வெச்சு ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்னு தோணுது. பார்க்கலாம்.”

அதன் பொருள் அவனுக்குத் தெரியாதா? அவன் வீட்டிலும் ‘பார்க்கலாம்’ என்றால் நடக்காது என்றுதான் அர்த்தம். இருந்தாலும் சுத்தியலிடம் போய், “அவ பாத்துட்டிருக்கா. சரி பண்ணிடுவா” என்றான்.

சுத்தியல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முடியலன்னா முடியலன்னு சொல்லச் சொல்லுடா. வேற மாதிரி விரிப்பு கடையிலயே கிடைக்குது, நாளைக்கே வாங்கிடலாம். குப்பையக் கட்டிட்டு அழ எனக்கு நேரமில்ல.”

அவளிடம் வந்தபோது அந்தச் சொற்கள் இப்படி ஆகியிருந்தன. “நல்லா வந்திருக்காம். அவசரமில்ல, நிதானமா பண்ணட்டும்னு சொன்னான்.”

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காகத்தான் அவன் எல்லாம் செய்தான்.

இப்படியே வாரங்கள் ஓடின. அவரவர் மூலையில் அவரவர் வேலை செய்தார்கள், இரண்டையும் சேர்த்து மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. மாமாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. “ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சுப் பேச வைப்பா. நீ எதுக்கு நடுவுல தபால்காரன் மாதிரி ஓடுற?” என்று ஒருநாள் கேட்டார். பதில் வருவதற்குள் கடிகாரத்தைப் பார்த்தார், பையை எடுத்தார், போய்விட்டார்.

செய்து காட்டும் நாளன்று தேர்வாளராக வந்தவர் கனத்த உடம்புக்காரர், தமாஷ் பேர்வழி. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கட்டிலில் ஏறிப் படுத்தார். புரண்டார், மணி அடித்தது. இந்தப் பக்கம் புரண்டார், மறுபடி அடித்தது. எழுந்து நின்றார். அடிக்கவில்லை. நாலு எட்டு நடந்து கதவு வரைக்கும் போனார், அப்போதும் அடிக்கவில்லை.

“நோயாளி தப்பிச்சுப் போயிட்டாரு” என்றார். அறையே சிரித்தது.

வெளியே நடைபாதையில் சுத்தியல் அவளைப் பார்த்து நேராகக் கேட்டான். “சரி பண்ணிடுவேன்னு சொன்னியே?”

“நான் சொல்லலயே. இந்த விரிப்புல ஆகாதுன்னு சொன்னேன். நீதான் நல்லா இருக்கு, அவசரமில்லன்னு சொன்னதா...”

“நானா? நான் அத குப்பைன்னு சொன்னேன். வேற வாங்கலாம்னு சொன்னேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் சமாதானத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் முழுசாகப் பேசிக்கொண்டது அன்றுதான் முதல் முறை. அவ்வளவு எளிதாக இருந்தது அது.

நால்வருக்கும் தோல்வி. மாமாவுக்குப் பட்டத்துக்கு வேண்டிய மதிப்பெண் வேறு பாடங்களில் இருந்தது, தப்பித்தார். சுத்தியல் கோபத்தில் ஒரு மாதம் உழைத்துத் தனியாக மறுபடி செய்து கொடுத்தான், தேறினான். அவளுடைய உதவித்தொகைக்கு ஒரு பாடத்திலும் தவறக்கூடாது என்று நிபந்தனை. உதவித்தொகை நின்றது, அவள் ஊருக்குக் கிளம்பினாள்.

சமாதானம் வீட்டுக்குப் போன் செய்தான். அம்மா கேட்டுவிட்டு, “போனாப் போகுது. உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டாரு” என்றார். அப்பாவுக்குத் தனியாகச் செய்தான். மெஷின் ஓசை நின்றது. “அம்மாவுக்குத் தெரிய வேணாம்பா, ஒடஞ்சு போயிடுவா” என்றார் அப்பா. ஒருவருக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்படுவதை அந்த இருவரிடமும் யார் சொல்வது? அவன் சொல்லவில்லை. எந்தச் சொல்லையும் தூக்கிக்கொண்டு போகும் தெம்பு அவனிடம் அப்போது இல்லை.

பேருந்து நிலையத்தில் அவளைப் போய்ப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டான். அவள் பெட்டியைக் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டு சிரித்தாள். “எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. நீ நல்லதுக்குத்தான பண்ணே.”

அவன் அந்த முகத்தையே பார்த்தான். கோபம் இல்லை என்றால் இல்லையா, அல்லது அவளுடைய ஊர் வழக்கப்படி அதற்கு வேறு பொருளா? பேருந்து போகும்வரை நின்றும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த பருவத்தில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, பேராசிரியர்தான் ஒரு குழுவில் போட்டார். மறுபடி நாலு ஊர்க்காரர்கள். இந்த முறை பட்ட அடியை நினைத்து, சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோனான். ‘உன் வரைபடம் குழந்தை கிறுக்கின மாதிரி இருக்காம்’ என்று குழுவில் ஒருத்தி சொன்னதை ஒருவனிடம் அப்படியே ஒப்பித்தான். அந்தப் பையன் இரண்டு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து தன் பங்கு வேலையை மட்டும் செய்தான். வரைபடக்காரன் ஒருநாள் திரும்பி வந்து, எதிரில் இருந்த அந்தப் பெண்ணை ஜாடை காட்டி, “இன்னும் அவளுக்கு எம்மேல கோபமா?” என்று அவனிடம் கிசுகிசுத்தான்.

“நீயே கேளு” என்றான் சமாதானம்.

வரைபடக்காரன் கேட்கவில்லை. அவளும் தலை நிமிரவில்லை. ஆய்வகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.