பெட்டிக்கு அடியில் தண்ணீர்

நயினார்கோவில் பக்கம் வயல் வேலை பார்த்த நாகநாதன், மழை இரண்டு வருடம் ஏமாற்றியதும் கடலோரப் புதுமடத்தில் செல்போன் டவருக்குக் காவலாளியாக வந்தார். பாம்பைக் கையால் தூக்கி எறிகிற மனிதர். அவரே டவரடியில் புதிதாக வைத்த பெட்டிக்குப் பயந்தார்.

முன்பு அங்கே டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போனால் ஊரையே எழுப்பும், புகை கக்கும். எவனாவது டீசலை வேறு உறிஞ்சிக்கொண்டு போவான். அதை எடுத்துவிட்டு எரிபொருள் கலத்தை வைத்தார்கள். சிலிண்டரில் இருக்கும் ஹைட்ரஜனை எரிக்காமலே மின்சாரமாக்கும் பெட்டி. சத்தமில்லை, புகையில்லை. ஓடினாலும் தெரியாது, செத்தாலும் தெரியாதே என்று நாகநாதன் புலம்பினார்.

பொருத்திய பொறியாளர் காஜா நவாஸ் விளக்கமாகத்தான் சொன்னார். பயத்தில் பத்தடி தள்ளி நின்ற நாகநாதன் காதில் ஒன்று மட்டும் ஏறியது.

"கடல்தண்ணி உள்ள ஏறிட்டா யோசிக்காதீங்கண்ணே, சிவப்பு பட்டனை அமுக்கிருங்க."

கார்த்திகைப் புயலன்று காலை பத்து மணிக்கே கரண்ட் போனது. பெட்டி வந்தபின் அதுதான் முதல் மின்வெட்டு. கடல் பனைமரங்கள் வரை ஏறியிருந்தது. வீட்டிலிருந்து மனைவி இருளம்மாள் கூப்பிட்டாள்.

"பிரியாவுக்கு வலி கண்டுருச்சுங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம், வழி கேட்டுக் கூப்புடுவாக. வைக்கிறேன்."

மகள் ஜெயப்பிரியாவுக்குத் தலைப்பிரசவம். பதறித் திரும்பினால், பெட்டியின் அடிக்குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. கடல் உள்ளே ஏறிவிட்டது, சிலிண்டர் வெடிக்கப் போகிறது. அமுக்கினால் பெட்டியோடு டவரும் நின்று, வழி கேட்கப் போன் கிடைக்காமல் மகளுக்கு வண்டி வராது. அமுக்காவிட்டால் டவரே மிஞ்சாது. காஜா நவாசைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. வலது கை விரல் பட்டன்மேல் போய் நின்றது.

கடலோரத்தில் கிணறு தோண்டினால் முதல் தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். இடது கையில் ஏந்தி வாயில் வைத்தார்.

உப்பில்லை. துளிகூட இல்லை.

விரலை எடுக்கவும் மனமில்லை, அமுக்கவும் துணிவில்லை. அப்படியே நின்றார். அரைமணி கழித்துக் காஜா நவாஸ் கூப்பிட்டார். நாகநாதன் தண்ணீர் வழிவதைச் சொன்னார்.

"அதுக்குப் புகைன்னா அந்தத் தண்ணிதாண்ணே. ஹைட்ரஜனும் காத்தும் சேந்து வர்றது. வடிஞ்சா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

மாலையில் ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருளம்மாள் சொன்னாள்.

"டிரைவரு அரைமணி நேரம் லைன்லயே இருந்தாரு. சந்து சந்தா நான்தான் வழி சொன்னேன். நடுவுல கட்டாயிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். இந்தாங்க, புள்ளைய வாங்குங்க."

நாகநாதன் வாங்கவில்லை. பட்டன்மேல் நின்ற வலது கை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.